தலைப்பிரசவத்துக்கு முன் மூச்சுப் பயிற்சி: எதைப் பழகுவது, எதை விடுவது?

கேள்வி (31 வாரக் கர்ப்பிணி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இப்போது 31 வாரம் நடக்கிறது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். பிரசவ அறையில் அம்மாதான் எனக்குத் துணையாக இருக்கப் போகிறார்.

இணையத்தில் நடக்கும் ஒரு பயிற்சி வகுப்பில் "ஹீ, ஹீ, ஹூ" என்று வேகமாக மூச்சு விடும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். அதைச் சற்று நேரம் விடாமல் செய்தாலே எனக்கு உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போய், தலை சுற்றத் தொடங்குகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்கிறார்கள். ஏற்கெனவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இந்த நிலையில் இந்தப் பயிற்சியைத் தொடர்வது குழந்தைக்குக் கெடுதலாகுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மாவோ, "வலி வந்தால் எல்லாம் தானாக வரும், அந்தக் காலத்தில் மூச்சு விடுவதற்கு யார் வகுப்புக்குப் போனார்கள்?" என்று கேட்கிறார்.

வலி வரும்போது உண்மையில் எப்படி மூச்சு விட வேண்டும், அதை இப்போதிருந்தே எப்படிப் பழக வேண்டும், முக்கும்போது மூச்சைப் பிடிக்க வேண்டுமா கூடாதா, இதையெல்லாம் நன்றாகப் பழகிக்கொண்டால் வலி குறைக்கும் ஊசி இல்லாமலே சமாளித்துவிட முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பணி ஓய்வு பெற்ற செவிலியர்)

வணக்கம் அம்மா. பிரசவ அறையில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் வேலையாக அந்த வேக மூச்சை நிறுத்திவிடுங்கள். உதடு மரத்துப்போவது பயிற்சி சரியாக நடக்கிறது என்பதற்கு அடையாளம் அல்ல. தேவைக்கு மேல் மூச்சு விடுகிறீர்கள் என்று உடல் தரும் எச்சரிக்கை. வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. அதனால்தான் விரல்கள் மரத்துப்போகின்றன. இன்னும் நீடித்தால் அவை தாமாகவே மடங்கி இழுத்துக்கொள்ளவும் செய்யும். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்ட்டிரான் என்ற ஹார்மோன் மூச்சை இயல்பாகவே ஆழமாக்கிவிடுவதால், மற்ற காலங்களில் 40 மி.மீ. பாதரச அளவை ஒட்டியிருக்கும் கரியமில வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 30-க்கு இறங்கியிருக்கும். ஆகவே கர்ப்பிணிக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். வலியின்போது நெடுநேரம் கட்டுப்பாடில்லாமல் இப்படி மூச்சு வாங்கினால் கருப்பைக்குச் செல்லும் இரத்த ஓட்டமும் குறையக்கூடும் என்பதால், பிரசவ அறையில் இதைக் கவனித்துத் தடுப்போம். வீட்டில் சிறிது நேரம் செய்துபார்த்ததால் குழந்தைக்குக் கெடுதல் நேர்ந்திருக்குமோ என்ற பயம் மட்டும் வேண்டாம்.

படியேறும்போது மூச்சு வாங்குவதற்கும் அந்த ஹார்மோன் ஒரு காரணம். வளரும் கருப்பை உதரவிதானத்தை ஏறத்தாழ 4 செ.மீ. மேலே தள்ளிவிடுவது மற்றொன்று. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ, மல்லாந்து படுக்க முடியாமல் இரவில் எழுந்து உட்கார வேண்டியிருந்தாலோ, நெஞ்சு வலியோ படபடப்போ சேர்ந்து வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தசோகை இருக்கிறதா என்று அடுத்த பரிசோதனையில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பெண்கள் பலருக்கு மூச்சு வாங்குவதன் பின்னால் அதுதான் இருக்கும்.

வேக மூச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. பெர்னாண்ட் லமாஸ் என்ற பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் 1951-இல் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றபோது, வலி பற்றிய அச்சத்தை முன்கூட்டிய பயிற்சியால் தணிக்கும் முறையை அங்கே கண்டு, பாரிஸுக்குக் கொண்டுவந்தார். 1960-இல் அமெரிக்காவில் அதற்கென்றே ஓர் அமைப்பு உருவாகி, உலகம் முழுவதும் பரவியது. கவனத்தை வலியிலிருந்து திருப்புவதற்காகச் சேர்க்கப்பட்ட வேகமான மேல்மூச்சுதான் திரைப்படங்கள் வழியாக எல்லோர் மனத்திலும் பதிந்துவிட்டது. அந்த வழியில் இன்று பயிற்சி தருபவர்கள்கூட இன்ன தாளத்தில்தான் மூச்சு விட வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை.

நீங்கள் பழக வேண்டியது நீளமான வெளிமூச்சு ஒன்றைத்தான். மூக்கு வழியாக மூன்று அல்லது நான்கு எண்ணும் நேரம் அலட்டாமல் உள்ளே இழுங்கள். இடையில் நிறுத்தாமல், சூடான பாலின் மேல் படிந்த ஆடையை மெல்ல ஊதி ஒதுக்குவது போல, உதட்டைத் தளர்த்தி ஐந்து அல்லது ஆறு எண்ணும் நேரம் வெளியே விடுங்கள். இதில் நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு வரும். எண்ணிக்கை பிசகினால் கவலையில்லை. வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருந்தால் போதும். வலி நன்றாகப் பிடித்தபின் ஒவ்வொரு வலியும் ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாக நீடித்து, நடுவில் உச்சத்துக்குப் போய்ப் பின் இறங்கும். அப்படியானால் ஒரு வலிக்கு உங்களுக்கு ஏழெட்டு மூச்சு ஆகிறது. நான்காவது மூச்சைத் தாண்டிவிட்டால் அந்த வலி இறங்கத் தொடங்கியிருக்கும். இதை நான் பிரசவ அறையில் எத்தனையோ பெண்களுடன் சேர்ந்து எண்ணியிருக்கிறேன். நேரம் போவதே தெரியாமல் துடித்துக்கொண்டிருந்த பெண், "இது நாலாவது, இனி இறக்கம்" என்று கேட்டதும் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

மூச்சோடு உடம்பும் தளர வேண்டும். வலியிலிருக்கும் பெண்ணிடம் நான் முதலில் நெற்றியைப் பார்ப்பேன், அடுத்து கட்டில் கம்பியைப் பற்றியிருக்கும் விரல்களை, அதன்பின் கால் விரல்களை. கருப்பை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மற்ற தசைகளும் சேர்ந்து இறுகினால் களைப்புதான் மிஞ்சும். பயம் மிகும்போது சுரக்கும் அட்ரினலின், கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசினுக்கு எதிராக வேலை செய்து பிரசவத்தை மெதுவாக்கவும் கூடும். உங்கள் அம்மா சொல்வதுபோல உடம்புக்குத் தன் வேலை தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் பேறு பார்த்த மருத்துவச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, இடுப்பை நீவிவிட்டு, எப்போது மூச்சு விட வேண்டும், எப்போது முக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வகுப்பு இல்லையே தவிர, வழிகாட்ட ஆள் இருந்தது.

கருப்பை வாய் முழுதாகத் திறக்கும் தறுவாயில், அதாவது 8 செ.மீ.க்கு மேல், வலி ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அப்போது நீள மூச்சு பலருக்குக் கைகொடுக்காது. சற்று வேகமாக, ஆனால் ஆழமில்லாமல் மூச்சு விட்டு, இடையிடையே ஒரு நீள ஊதலைச் சேர்த்துக்கொள்ளலாம். முழுதாகத் திறப்பதற்கு முன்பே முக்க வேண்டும் என்ற உந்துதல் வந்து, செவிலியர் "இப்போது முக்காதே" என்று சொன்னால், இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து ஊதி ஊதி விடுங்கள். குழந்தையின் தலை வெளியே தெரியும் நேரத்திலும் இதே சிறு ஊதல்தான் வேண்டும்; தலை நிதானமாக வெளிவந்தால் கிழிசல் குறையும்.

முக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணும் பழக்கம் பல பிரசவ அறைகளில் இன்னமும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையில், பெண் தன் உந்துதலைப் பின்பற்றி முக்க ஊக்கப்படுத்த வேண்டும் என்றே கூறியிருக்கிறது. உந்துதல் வரும்போது தாமாகவே சில நொடிகள் மூச்சு நின்று, ஒரு முனகலோடு வெளியேறும், அதுவே போதுமானது. ஆயினும் குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது, விரைவாக வெளியே வர வேண்டும் என்று மருத்துவர் சொல்லும் நேரத்தில், அவர்கள் சொல்கிற விதத்திலேயே முக்குங்கள்.

ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூச்சுப் பயிற்சி வலியை நீக்கிவிடாது. இதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், தசைத் தளர்வுப் பயிற்சியும் யோகாவும் வலியைத் தணிக்க உதவக்கூடும், தன் கட்டுப்பாட்டில் இருக்கிறோம் என்ற உணர்வைத் தரக்கூடும், ஆனால் சான்றுகள் இன்னும் வலுவாக இல்லை என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே வலி தாங்க முடியாதபோது நிவாரணம் கேட்பதில் எந்தக் குறைவும் இல்லை. உங்கள் மருத்துவமனையில் என்னென்ன வசதி உண்டு, எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதை இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். முதுகுத்தண்டில் போடும் எபிடியூரல் ஊசி எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை.

மறுமொழி 2 (கைக்குழந்தையின் தாய்)

செவிலியர் அம்மா எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் எனக்குச் சுகப்பிரசவம் ஆகவில்லை. ஆனாலும் பழகிய மூச்சு வீண்போகவில்லை.

தேதி கடந்தும் வலி வராததால் எனக்கு மருந்து ஏற்றி வலி வரவைத்தார்கள். அப்படி வரும் வலி சிலருக்கு விரைவிலேயே நெருங்கி நெருங்கி வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. எண்ணிக்கையெல்லாம் மறந்துபோய், வாயை மூடி "ம்ம்ம்" என்று நீளமாக முனகியபடி மூச்சை விடுவது ஒன்றே கைகொடுத்தது. முனகினால் வெளிமூச்சு தானாகவே நீண்டுவிடுகிறது. கூட இருந்த என் சித்தி, ஒவ்வொரு வலியின்போதும் இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதுகுப் பக்கம் அதிகமாக வலித்த எனக்கு அந்த அழுத்தம் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிறகு குழந்தையின் துடிப்பில் மாறுதல் தெரிந்ததால் அறுவைச் சிகிச்சைக்கு எடுத்துச் சென்றார்கள். முதுகில் ஊசி போடும்போது, உட்கார்ந்தபடி முதுகை வளைத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து, அசையாமல் இருக்கச் சொல்வார்கள். நிறைவயிற்றோடு, இடையில் வலியும் வரும்போது, அசையாமல் இருப்பது எளிதல்ல. தோளைத் தொங்கவிட்டு மெதுவாக ஊதிக்கொண்டே இருந்ததால்தான் என்னால் அது முடிந்தது. அறுவை முடிந்த பிறகும் அதே மூச்சுதான் உதவியது: தையல் மேல் தலையணையை அழுத்திக்கொண்டு மூச்சை விட்டபடி இருமுவது, பக்கவாட்டில் திரும்பி மூச்சை விட்டுக்கொண்டே கையை ஊன்றி எழுவது. ஆகவே "ஆபரேஷன் ஆகிவிட்டால் இதெல்லாம் எதற்கு?" என்று யாராவது சொன்னால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், தோழி.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வேக மூச்சை நிறுத்திவிட்டேன். நீள மூச்சு மிகவும் இதமாக இருக்கிறது. இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. திருமணத்துக்கு முன் நான் யோகா வகுப்பில் கபாலபாதியும் கும்பகத்தோடு கூடிய பிராணாயாமமும் கற்றிருக்கிறேன். அவற்றை இப்போது செய்யலாமா? இரண்டாவது, அம்மாவுக்கு என்னைவிடப் பயம் அதிகம். நான் வலியில் துடிப்பதைப் பார்த்தால் அவரே அழுதுவிடுவார் என்று தோன்றுகிறது. அவரை எப்படித் தயார்ப்படுத்துவது?

மறுமொழி 3 (கர்ப்பிணிகளுக்குப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர்)

சகோதரி, கபாலபாதியும் பஸ்திரிகாவும் இப்போது கண்டிப்பாக வேண்டாம். இரண்டுமே வயிற்றுத் தசையை வெடுக்கென்று உள்ளே இழுத்து மூச்சை வெளியே தள்ளுபவை. மூச்சை அடக்கும் கும்பகத்தையும் பிரசவம் முடியும்வரை விட்டுவிடுங்கள். மூச்சை உள்ளிழுக்கும் பூரகமும் வெளிவிடும் ரேசகமும் மட்டும் கொண்ட, மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தி செய்யலாம். வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒலியெழுப்பி மூச்சை விடும் பிராமரி இன்னும் நல்லது. மேலே அந்தத் தாய் தன் போக்கில் கண்டுகொண்ட "ம்ம்ம்" கிட்டத்தட்ட அதேதான்.

மூச்சை மட்டும் பழகிவிட்டு உடம்பைத் தளர்த்தப் பழகாதவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். தசையை இறுக்கிப் பின் தளர்த்தும் பயிற்சியை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-களில் முறைப்படுத்தினார். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரையிலும் அது இடம்பெற்றிருக்கிறது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தித் தலைசுற்றலைத் தரும் என்பதால், இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணையும் வயிற்றுக்கு அடியில் ஒரு மடித்த போர்வையும் வைத்துப் படுங்கள். கை விரல்களை ஐந்து நொடி இறுக்கி, நீளமாக ஊதிக்கொண்டே தளர்த்தி, தளர்ந்த கை எப்படி இருக்கிறது என்பதைச் சிறிது நேரம் உணருங்கள். அப்படியே தோள், தாடை, நெற்றி, பிட்டம், தொடை என்று போகலாம். கெண்டைக்காலில் மட்டும் கவனம் வேண்டும்: கால் விரல்களைக் கீழ்நோக்கி நீட்டி இறுக்கினால் கர்ப்பிணிக்குச் சட்டென்று குரக்கு பிடித்துக்கொள்ளும், ஆகவே பாதத்தை உங்கள் பக்கமாக இழுத்து இறுக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்பின் அடித்தளத் தசையைத் தளர்த்துவது பெரும்பாலோருக்குக் கடினம். அதனால் தாடைக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். அடித்தளத் தசையை இறுக்கும் பயிற்சியை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரசவ நேரத்தில் வேண்டியதோ அதைத் தளர்த்தத் தெரிவதுதான். மூச்சை விடும்போது அந்தப் பகுதி கீழிறங்கி விரிவதை உணர்ந்து பழகுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றிய கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் உறவினர் ஒருவர் துணையாக இருக்கும் முறை 2004-இலேயே கொண்டுவரப்பட்டது. பிரசவம் முழுவதும் ஒருவர் உடனிருந்து ஆதரவு தரும்போது அறுவைச் சிகிச்சை குறைகிறது, பிரசவ நேரமும் சற்றுக் குறைகிறது என்பதைப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட ஆய்வுகளின் தொகுப்பு 2017-இல் காட்டியிருக்கிறது. வெறுமனே பக்கத்தில் நிற்பதோடு நிற்காமல் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு நிற்கும்போது துணையின் பயமும் குறையும். எனவே அவரையும் உங்களோடு சேர்த்துப் பழக்குங்கள்.

இரவு படுக்கும் முன் ஒரு பனிக்கட்டியை உள்ளங்கையில் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் முறை பேசாமல் பிடியுங்கள். இரண்டாம் முறை, அம்மா உங்கள் கண்ணைப் பார்த்து நீளமாக ஊத, நீங்களும் அவரோடு சேர்ந்து ஊதியபடி பிடியுங்கள். இரண்டு முறைக்கும் உள்ள வேறுபாட்டை இருவருமே உணர்வீர்கள். அடுத்து, நீங்கள் வேண்டுமென்றே தோளை இறுக்குங்கள். அவர் அதைக் கண்டுபிடித்துத் தன் கையை அங்கே வைக்கட்டும். கை பட்டதும் நீங்கள் தளர்த்துங்கள். சில நாட்களில் அந்தத் தொடுதலே உங்கள் உடம்புக்குப் போதிய குறிப்பாகிவிடும். பேச்சு குறைவாக இருக்கட்டும். "ஊது", "தோளை விடு", "நாலாயிற்று, இனி இறங்கும்" என்பவை போதும். "கத்தாதே", "இன்னும் எவ்வளவோ இருக்கிறது", "உன் அத்தைக்கு மூன்று நாள் ஆனது" போன்றவை பிரசவ அறைக்குள் வரக் கூடாது என்று இப்போதே அன்பாகச் சொல்லிவையுங்கள். அழுகை வந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும், தவறே இல்லை. அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, பணியிலிருக்கும் செவிலியரிடம் அனுமதி கேட்டுப் பிரசவ வார்டை ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மறுமொழி 4 (மகப்பேறு மருத்துவர்)

மேலே சொன்னவை எல்லாம் உடல்நலத்தோடு இருக்கும் கர்ப்பிணிக்கு ஏற்றவை. இதய நோயோ, கட்டுப்படாத ஆஸ்துமாவோ, இரத்த அழுத்தமோ இருந்தால், எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

சூட்டு வலியா, பிரசவ வலியா என்று தெரியாமல் இரவெல்லாம் தவிப்பவர்களுக்கு இந்த மூச்சு நல்ல துணை. சூட்டு வலி பெரும்பாலும் படுத்தாலோ நடந்தாலோ நிலை மாறினாலோ அடங்கிவிடும். பிரசவ வலி நேரம் ஆக ஆக நெருங்கி, வலுத்து, அடங்காமல் வரும். ஆனால் மூச்சுப் பயிற்சியால் சமாளித்துக்கொண்டு வீட்டிலேயே காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. 37 வாரம் முடியும் முன்பே விட்டுவிட்டு வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்து நீர் வந்தாலோ, இரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, கண் மங்கலோடு கடுமையான தலைவலி வந்தாலோ, வலி இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும். வாகனம் இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருங்கள். பரிசோதனை அட்டையைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.